இரண்டு கரண்டி மரியாதை

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி தாண்டி, எங்கள் தொட்டிக்கரட்டுக்கு வந்திருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் தினகரன், கோயமுத்தூர் பஸ் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டு அவசரப்பட்டு, இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றிடம் ஒன்று விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்கிவிட்டதால், அதன் நுனியிலிருந்து இரண்டு கரண்டி அளவு மரியாதை தரையில் சிந்தியது. இளநீர் நிறத்தில் இருந்தது. புது நோட்டுப் புத்தகத்தின் வாசம் அடித்தது. கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரியான மல்லீஸ்வரி அதைப் பழைய நைட்டித் துணியால் துடைத்து, வாளியில் பிழிந்து, வாசல் முருங்கைக்கு ஊற்றினாள். வழிந்த மிச்சம் தெருவில் ஓடியது. நாங்கள் எல்லாரும் அன்று சாயங்காலம் அதை மிதித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

மல்லீஸ்வரி நடத்தியது திருமணத் தகவல் மையம். அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போனது. தொட்டிக்கரட்டில் ஒன்று, பதினாலு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால்மேட்டில் ஒன்று என்று அவர் இரண்டு மையம் வைத்திருந்தார். இங்கே இருப்பதை மூத்தவள் மல்லீஸ்வரியும், அங்கே இருப்பதை அந்த ஊரில் கட்டிக்கொடுத்த இளையவள் கலாமணியும் பார்த்துக்கொண்டார்கள். தினமும் மூன்று மணிக்கு இந்தக் கம்ப்யூட்டர் அந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். இங்கிருந்து மாப்பிள்ளை ஜாதகங்கள் போகும், அங்கிருந்து பெண் ஜாதகங்கள் வரும். கம்ப்யூட்டர்கள் இப்படி நாள் தவறாமல் பேசிக்கொண்டிருக்க, அக்காளும் தங்கையும் மட்டும் ஒன்பது வருசமாக ஒருத்தியோடு ஒருத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு தாலுக்காவுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிற கலாமணி, சொந்த அக்காளுடைய கல்யாணத்துக்கு வரவில்லை. ஏன் என்று நாங்கள் இரண்டு ஊரிலும் விசாரித்தோம். அக்காள் கூப்பிடவில்லை என்று அந்த ஊரில் சொன்னார்கள், தங்கை வரவில்லை என்று எங்கள் ஊரில் சொன்னார்கள்.

கேபிளைப் பிடுங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால், திரையைப் பார்த்துக்கொண்டே மல்லீஸ்வரி தினகரனிடம் கேட்டிருந்தாள். "ஏனுங் தம்பி, இதுக ரெண்டும் தினமும் என்னத்தத்தான் பேசிக்குதுக?"

"எடுத்த எடுப்புல பேசாதுங்க்கா," என்றார் தினகரன். "முதல்ல இது 'பேசலாமா?'ன்னு கேக்கும். அது 'பேசலாம், நானும் பேசலாமா?'ன்னு கேக்கும். இது 'பேசலாம்'னு சொல்லும். மூணு வார்த்தை ஆனாத்தான் வழி தொறக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா அனுப்பும். ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கத்துல இருந்து 'வந்துச்சு'ன்னு பதில் வரோணும். வரலைன்னு வெச்சுக்குங்க, அதையே மறுபடி சொல்லும்."

"கோவிச்சுக்காதா?"

"கோவமா? மறுபடி சொல்லும், அவ்வளவுதான். முடிக்கறப்ப நாலு வார்த்தை. 'முடிச்சேன்'னு இது சொல்லும், 'சரி'ன்னு அது சொல்லும். அதோட போயிற முடியாது. அதுக்குச் சொல்றதுக்கு இன்னும் பாக்கி இருக்கலாமில்லீங்களா? இருந்தா சொல்லிட்டு, அது 'முடிச்சேன்'னு சொல்லும். இது 'சரி'ன்னு சொல்லும்."

"அப்பவாச்சும் போயிருமா?"

"கொஞ்ச நேரம் நிக்குமுங்க. கடைசிச் 'சரி' ஒருவேளை போய்ச் சேராம, அங்கிருந்து மறுபடி கேட்டுதுன்னா என்ன பண்றதுன்னு நின்னு பாத்துட்டுத்தான் போகும்."

மல்லீஸ்வரி அடுப்படிக்குப் போய் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அதைப் பாதி குடித்திருந்தபோதுதான் பஸ் ஹாரன் அடித்தது.

மறுநாள் காலையில் பால்காரப் பொன்னுசாமி, தலைமை ஆசிரியை சௌந்தரம் டீச்சர் வீட்டு வாசலில் நின்று "பால்" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தார், வாயிலிருந்து "பேசலாமுங்களா?" என்று வந்தது. டீச்சர் உள்ளேயிருந்து வந்து "பேசலாம், நானும் பேசலாமா?" என்றார். "பேசலாமுங்க" என்றார் பொன்னுசாமி. அதற்குப் பிறகுதான் "பால்" என்ற சொல் வந்தது, டீச்சரும் "வந்துச்சு" என்றார். இதுவரை இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் டீச்சர் செம்பை வாங்கிக்கொண்டு திரும்பினால் கால் வரவில்லை. பொன்னுசாமி சைக்கிளைத் தள்ளினால் சைக்கிள் போனது, அவர் போகவில்லை. "வர்றேனுங்க" என்று சொல்லிப் பார்த்தார், "ஆகட்டும்" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார், "வணக்கம்", "நன்றி", "தேங்க்ஸ்" என்று இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார்கள். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தபோதும் இரண்டு பேரும் அங்கேயேதான் நின்றார்கள், செம்பில் பால் திரிந்துகொண்டிருந்தது. அந்த வழியாக வந்த மல்லீஸ்வரி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, தான் துடைத்துப் பிழிந்து ஊற்றியதை நினைத்துக்கொண்டு, "டீச்சர், நீங்க 'முடிச்சேன்'னு சொல்லுங்க. பொன்னுசாமியண்ணா, நீங்க 'சரி' சொல்லிட்டு, அப்புறம் 'முடிச்சேன்'னு சொல்லுங்க. டீச்சர், கடைசியா நீங்க 'சரி'," என்றாள். சொன்னார்கள். கால் வந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது, செருப்புகளில் ஒட்டிப் பஸ் ஏறி வாய்க்கால்மேட்டுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் ஜோசியரிடம் போகவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள்கிற மாதிரி எல்லாரும் அந்த ஏழு வார்த்தைகளைக் கற்றுக்கொண்டோம், மூன்று திறக்க, நான்கு மூட. மல்லீஸ்வரி அவற்றை ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி மையத்தின் வாசலில் தொங்கவிட்டாள். வயசானவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அறிவிப்பு செய்ய வந்த ஆட்டோ, 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று ஆரம்பிக்க முடியாமல், தெருவில் நின்றிருந்த நூற்றுப்பத்துப் பேரிடமும் தனித்தனியாகப் பேசலாமா என்று கேட்டு, எல்லாரும் பேசலாம் என்ற பிறகு, எதை அறிவிக்க வந்தோம் என்பதையே மறந்து, நூற்றுப்பத்துப் பேரிடமும் தனித்தனியாக விடைபெற்றுக்கொண்டு போனது.

அதிகம் அவதிப்பட்டவர் மல்லீஸ்வரியின் கணவர் திருமலைச்சாமி. அவர் தொட்டிக்கரட்டுக்கும் வாய்க்கால்மேட்டுக்கும் போய்வருகிற நாலாம் நம்பர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒல்லியான மனிதர், சாந்தமானவர், நாற்பத்திநாலு வயதில் கல்யாணம் செய்துகொண்டவர். ஐம்பத்தெட்டுப் பயணிகளிடமும் மூன்று மூன்று வார்த்தை பேசித் திறந்து, எங்கே போகோணும் என்று கேட்டு, இறங்கும்போது நாலு நாலு வார்த்தை பேசி மூட வேண்டியிருந்தது. ஒருவரை மூடாமல் விட்டுவிட்டால் அவர் ரோட்டில் நிற்பார், கண்டக்டர் பஸ்ஸில் நிற்பார், பஸ் எத்தனை உறுமினாலும் நகராது. நாற்பது நிமிட வழி மூன்றரை மணி நேரம் ஆனது. சனங்கள் புளிசோறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். பின்சீட்டில் ஒரு சீட்டுக்கட்டுக் கோஷ்டி உருவானது. நிறைய வருசம் ஒரே பஸ்ஸில் போய்வந்தவர்கள் முதல் தடவையாக ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சந்தையில் சதாசிவம் ஒரு வேலை செய்தான். வேலைவெட்டி இல்லாதவன், ஆனால் எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பவன். சந்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் "பேசலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, "பேசலாம், நானும் பேசலாமா?" என்று அவர்கள் சொன்னதும், மூன்றாவது வார்த்தையைச் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டான். வழி திறக்காததால் அவனுடைய காலுக்குத் தடையில்லை. மாட்டிக்கொண்டவர்கள் பதில் சொன்னவர்கள்தான். தக்காளிக்காரி முதல் கருவாட்டுக்காரர் வரை நாற்பத்திமூன்று பேர், அவனுடைய பதிலை எதிர்பார்த்து வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றார்கள். வேறு யாரோடும் அவர்களால் பேச முடியவில்லை. ஆடுகள் சாவகாசமாகக் கீரைக்கட்டுகளைத் தின்றன. யாரோ மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தபோது, அறுபது வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அதிலிருந்து, பதில் வராவிட்டால் அறுபது எண்ணுவது என்று ஊரில் முடிவானது. சதாசிவத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் தனபாக்கியம் கூப்பிட்டு, அந்த நாற்பத்திமூன்று பேரிடமும் போய் மூன்றாவது வார்த்தையைச் சொல்லி, அவர்கள் திட்டுவதையெல்லாம் கேட்டு, ஒவ்வொரு திட்டுக்கும் "வந்துச்சு" சொல்லிவிட்டு வரும்படி உத்தரவு போட்டார். அவனுக்கு இரண்டு நாள் ஆனது.

சனிக்கிழமை சௌந்தரம் டீச்சர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்பவர் ஒருவருக்கு இந்தப் புது வழக்கம் மிகவும் பிடித்துப்போயிருந்தது. டீச்சர் "முடிச்சேன்" என்றால் "சரிங்க" என்று சிரிப்பார், தன்னுடைய "முடிச்சே"னை மட்டும் சொல்லவே மாட்டார். மெஷினின் பதினேழு குணங்களை அவர் இரண்டாம் தடவையாகச் சொல்ல ஆரம்பித்தபோது, முப்பத்தொரு வருச சர்வீஸில் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாத டீச்சர், "அட போய்யா!" என்றார். பட்டென்று ஏதோ அறுந்தது. மெஷின்காரர் மூன்று அடி பின்னால் போய் விழுந்தார். டீச்சருடைய கால் சொந்தக் காலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை நாள் எங்கள் ஊரில் மனுசர் இருக்க முடியவில்லை. நாலு வார்த்தைக்குப் பதிலாக ஒரு வார்த்தை கிடைத்துவிட்டதால் எல்லாரும் அதையே சொன்னோம். மருமகள் மாமியாரைச் சொன்னாள், பேங்க் மேனேஜர் வாடிக்கையாளரைச் சொன்னார், பூசாரி கற்பூரம் காட்டித் திருநீறு கொடுத்துவிட்டு "அட போய்யா" என்றார், பக்தரும் "நீ போய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தனபாக்கியம் தமுக்கு அடித்து வீடு வீடாகச் சொல்ல வைத்தார்: தீ, பாம்பு, பிரசவம், அந்த மெஷின்காரர் ஆகிய நான்கு சந்தர்ப்பங்களில் தவிர யாரும் அதைச் சொல்லக்கூடாது.

அதே ஞாயிற்றுக்கிழமை மல்லீஸ்வரியின் மையத்தில் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி. திருப்பூர் மாப்பிள்ளை தன்னுடைய வேலை, தன்னுடைய கார், தன்னுடைய நாய் ஆகியவற்றைப் பற்றிப் பேசிவிட்டு, "முடிச்சேன்" என்று எழுந்தார். "சரிங்க," என்றாள் பெண் தேன்மொழி. "ஆனா நான் இன்னும் முடிக்கலைங்க." மாப்பிள்ளைக்குக் கால் வரவில்லை. திரும்ப உட்கார்ந்தார். தேன்மொழி ஐம்பது நிமிடம் பேசினாள், அவர் ஒவ்வொன்றுக்கும் "வந்துச்சு, வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவர் ஜன்னலைப் பார்த்ததால் "வந்துச்சு" வராமல் போய்விட, அவள் அதையே மறுபடி சொன்னாள். கடைசியில் மாப்பிள்ளைக்கு வியர்த்திருந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது. அந்தச் சம்பந்தம் முடிவானது. எல்லாரும் போன பிறகு மல்லீஸ்வரி அடுப்படியில் நின்று வெகுநேரம் முகத்தைக் கழுவினாள்.

திங்கட்கிழமை காலையில் பழைய பாக்கிகள் இழுக்க ஆரம்பித்தன. என்றைக்கோ பாதியில் விட்ட பேச்சுகள் எல்லாம் மூடப்படாமல் கிடந்தன என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தபாலாபீஸ் குமாஸ்தா, பல் தேய்த்துக்கொண்டே நடந்துபோய், பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் 'அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்' என்று விட்டுவந்த கூட்டாளியின் வாசலில் நின்று அதைச் சொன்னார். தையல்காரர் ஒருவர், கோபித்துக்கொண்டு பாதி அளவில் போய்விட்ட வாடிக்கையாளரின் மிச்ச இடுப்பை அளந்துவிட்டு வந்தார்.

மல்லீஸ்வரியின் கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியது. "நான் வரமாட்டேன்," என்று காலிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி அவளோடு சேர்ந்து கிளம்பியது. வாசல் தாண்டி, தெரு தாண்டி, தார் ரோட்டில் கரகரவென்று இழுபட்டுக்கொண்டு போன நாற்காலியின் மேல், நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, கண்டவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டு அவள் போவதை நாங்கள் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் திருமலைச்சாமி அவளை நாற்காலியோடு தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பாதி வழியில், கோழிப்பண்ணைக்கு முன்னால், பஸ் நின்றது. ரோட்டின் நடுவில் கலாமணி நின்றுகொண்டிருந்தாள். தலையில் பாதி சீவி விட்ட சீப்பு. வாய்க்கால்மேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் அவளையும் கால் இழுத்து வந்திருந்தது.

இரண்டு பேரும் முதலில் 'பேசலாமா' என்று கேட்டுக்கொள்வார்கள் என்று பஸ்ஸே எட்டிப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குள் வழி ஒன்பது வருசமாகத் திறந்தேதான் இருந்தது, மூடியிருந்தால்தானே புதிதாகத் திறக்க? கலாமணியின் வாய், ஒன்பது வருசத்துக்கு முன்னால் எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர்ந்தது.

"அக்கா, பால எறக்கி வெச்சுட்டேன். இப்பச் சொல்லு, என்னமோ விசயம்னியே?"

சொன்ன பிறகு கலாமணிக்கே திகைப்பாக இருந்தது. மல்லீஸ்வரிக்கு முகம் வெளுத்தது.

"பாலா? என்ன பாலு?"

"நீ போன் பண்ணுனியே. அடுப்புல பால் பொங்குது, ஒரு நிமிசம் இருன்னு போனை மேடை மேல வெச்சுட்டு ஓடுனேன். வந்து எடுத்தா நீ வெச்சுட்டே. திருப்பிக் கூப்பிடுவேன்னு பாத்தேன், கூப்பிடலை. மூணாம் மாசம் ஊர்க்காரங்க சொல்லித்தான் உனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு தெரிஞ்சுது."

மல்லீஸ்வரி நாற்காலியின் கைப்பிடியை விட்டாள். போன் பண்ணிய அன்று அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து, தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி அதை அவள் போனில் சொல்லியிருந்தாள். தங்கை 'இரு' என்றது அவள் காதில் விழவேயில்லை, பதில் வராததால் அவளே போனை வைத்துவிட்டாள். இப்போது அதே வார்த்தைகள், அதே கூச்சத்தோடு, ஐம்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் மறுபடி வந்தன.

"கலா, கண்டக்டர் திருமலைச்சாமி இருக்கறாரே, அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கறேன். சின்னதாக் கோயில்ல வெச்சு. உனக்குச் சம்மதம்னா சொல்லு. இல்லீனா ஒண்ணும் பேசாம போனை வெச்சிரு, நான் புரிஞ்சுக்கறேன்."

படிக்கட்டில் நின்றிருந்த திருமலைச்சாமி விசிலை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"வந்துச்சு," என்றாள் கலாமணி மெதுவாக. பிறகு சீப்பைத் தலையிலிருந்து பிடுங்கினாள். "எனக்குச் சம்மதமில்லை."

பஸ் முழுவதும் மூச்சை இழுத்தது.

"அன்னிக்கு நீ கேட்டது என் காதுல உழுந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்! ஒருக்கா அந்தாளு பஸ்ல நான் தூங்கிட்டேன். எழுப்பாம டிப்போ வரைக்கும் கொண்டுபோயிட்டாரு. கேட்டா, 'நல்லாத் தூங்குனீங்க, எழுப்ப மனசு வரலீங்'கறாரு! இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கப் போறியான்னு ரெண்டு நாள் உன்கூடச் சண்டை போட்டிருப்பேன். மூணாம் நாள் சீர்த்தட்டோட வந்து மணவறைக்குப் பக்கத்துல நின்னிருப்பேன். அதை எங்கிட்ட இருந்து பிடுங்கிட்டியே அக்கா!"

மல்லீஸ்வரி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வந்துச்சு," என்றாள். "வந்துச்சு கலா. போடு சண்டையை."

பஸ் மல்லீஸ்வரியை நாற்காலியோடு இறக்கிவிட்டுப் போனது. கோழிப்பண்ணை வேலியோரம், ஒரே நாற்காலியில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து, அவர்கள் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். அப்பா யாருக்கு அதிகம் செல்லம் கொடுத்தார் என்பதிலிருந்து ஆரம்பித்து, மஞ்சள் பாவாடை யாருடையது என்பது வரை எதுவும் விடுபடவில்லை. ஒவ்வொரு திட்டும் போய்ச் சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் "வந்துச்சு" வந்தது. பண்ணைக்காரர் முட்டை அவித்துக் கொடுத்தார். இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் முறை வைத்து வந்து கேட்டோம். கேட்டதை ஊருக்குப் போய்ச் சொன்னோம்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்குத் தினகரன் புதுக் கேபிளோடு வந்து சொருகினார். பாக்கியிருந்த இரண்டு வார்த்தைகளையும் கம்ப்யூட்டர்கள் சொல்லிக்கொண்டன, கொஞ்ச நேரம் நின்று பார்த்தன, மூடிக்கொண்டன. இரண்டு ஊரிலும் அந்த நிமிடமே எல்லாருக்கும் கால் லேசானது. "பால்" என்றால் "பால்" என்றே வந்தது. கோழிப்பண்ணைக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் கால் வந்துவிட்டது. மல்லீஸ்வரி எழுந்து ஒரு எட்டு வைத்துப் பார்த்தாள். கலாமணியும் வைத்துப் பார்த்தாள். பிறகு கலாமணி, "எங்க உட்டேன்?" என்றாள். "மஞ்சப் பாவாடை," என்று எடுத்துக்கொடுத்தாள் மல்லீஸ்வரி. சண்டை ஆறு மணி வரை நடந்தது.

மூன்றாம் நாள் காலை நாலாம் நம்பர் பஸ் நாற்பதே நிமிடத்தில் தொட்டிக்கரட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அதில் பதினோரு சீர்த்தட்டுகளும், கலாமணியின் மாமியார் வீட்டார் பதினாறு பேரும், ஒரு நாதஸ்வரமும் இருந்தன. நாங்களும் வாழை இலை போட்டு வைத்திருந்தோம், சௌந்தரம் டீச்சர் வரவேற்பில் நின்று சந்தனம் கொடுத்தார். மல்லீஸ்வரி பட்டுப்புடவையில், நாற்பத்தெட்டு வயசு வெட்கத்தில், பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். படிக்கட்டை அடைத்துக்கொண்டு, இறங்குகிறவர்களுக்குக் கை கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், திருமலைச்சாமி நின்றிருந்தார். இரண்டு கையிலும் பழத்தட்டு ஏந்தி வந்த கலாமணி அவருக்கு முன்னால் நின்று, தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு இன்னும் சம்மதமில்லீங் மச்சான்," என்றாள். "நகருங்க, தட்டு கனக்குது."

அவர் நகர்ந்தார்.